ஆடித் தோட்டம் சித்திரையில் பிறக்கிறது

“சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்” என்பது நம் முன்னோர் மொழி. வெயில் கொளுத்தும் அம்மாதத்துப் புழுதிக்கு என்ன மதிப்பு இருக்க முடியும் என்று கேட்கத் தோன்றும். கோடையில் கொத்திப் போட்ட மண், எப்போதேனும் பெய்யும் கோடை மழையை வழிந்தோட விடாமல் உறிஞ்சிக் கொள்ளும். மண்ணுக்குள் பதுங்கியிருக்கும் புழுக்களும் கூட்டுப் புழுக்களும் வெயிலில் காய்ந்தோ, பறவைகளுக்கு இரையாகியோ அழியும். கோரை, அறுகு முதலிய களைகளின் கிழங்கும் வேரும் வாடும். இத்தனையும் ஒரு காசும் பெறாமல் கதிரவன் நமக்குச் செய்து தரும் ஊழியம்.

குளிர் நாட்டாருக்கு வசந்தம் என்பது பனி உருகி, விதைக்கும் காலம். நமக்கோ இளவேனில் எனப்படும் சித்திரையும் வைகாசியும் விதைக்கும் காலமல்ல. விதைப்பதற்கு ஆயத்தம் செய்யும் காலம். இவ்வேறுபாட்டை நாம் ஏட்டில் படித்திருந்தோமே தவிர, கையால் உணர்ந்திருக்கவில்லை. அதற்கு நாம் கொடுத்த விலையையும், பின்னர் ஓர் ஏழைக் குடும்பத்தின் கொல்லையில் கற்றுக் கொண்ட பாடத்தையும் நம் வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்து கொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நாம் தோற்ற கதை

திருச்சிக்கு வடக்கே, வானம் பார்த்த செம்மண் பூமியில் அமைந்த ஒரு சிற்றூர்ப் பங்கின் பொறுப்பை நாம் ஏற்று இரண்டு ஆண்டுகள் நிறைந்துவிட்டன. பங்கு இல்லத்தின் பின்புறம் ஏறத்தாழப் பத்து சென்ட் கொல்லை வெறுமையாகக் கிடந்தது. “ஆடிப் பட்டம் தேடி விதை” என்ற பழமொழி நினைவுக்கு வரவே, ஆடி பிறந்த வாரத்தில் உற்சாகத்தோடு வேலையில் இறங்கினோம். வண்ணப் படம் போட்ட விதைப் பொட்டலங்களைக் கடையில் வாங்கினோம். பக்கத்துத் தொழுவத்திலிருந்து அன்றன்று விழுந்த பச்சைச் சாணத்தைக் கூடை கூடையாகக் கொணர்ந்து குழிகளை நிரப்பினோம். மறுநாளே விதைத்தோம்.

முளைத்தவை பத்து நாளில் நுனி கருகின. பச்சைச் சாணம் மண்ணுக்குள் மட்கும்போது எழும் சூடும் அமோனியா ஆவியும் இளவேரைப் பொசுக்கிவிடும் என்பதை அப்போது நாம் எண்ணிப் பார்க்கவில்லை. தப்பியவற்றின் வேர்களை, சாணத்தோடு வந்த வெண்புழுக்கள் தின்று தீர்த்தன. ஆவணி முடியுமுன் கொல்லையில் எஞ்சி நின்றவை இரண்டே பூசணிக் கொடிகள்.

நாள்தோறும் அதிகாலைத் திருப்பலிக்கு வரும் மூதாட்டி ஒருவர், எழுபது வயதைக் கடந்தவர், ஒரு நாள் கொல்லையை எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன சாமி, ஆடியில விதைக்கணும்னா சித்திரையில வேர்க்கணும்ல?” என்று சொல்லிவிட்டுப் போனார். வேளாண்மை பற்றி நாம் படித்த நூல்களில் இவ்வளவு சுருக்கமான பாடம் இருந்ததில்லை.

ஒரு சிறுமியின் மயக்கம்

அதை அடுத்து வந்த தவக்காலத்தில், சிலுவைப் பாதையின்போது பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி மயங்கி விழுந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தைச் சோதித்ததில், ஹீமோகுளோபின் 100 மில்லி லிட்டருக்கு 9 கிராம் எனத் தெரிந்தது. அவ்வயதுப் பெண் பிள்ளைக்கு அது 12 கிராமுக்குக் குறையலாகாது. மருத்துவர் இரும்புச் சத்து மாத்திரைகளைக் கொடுத்து, கீரையும் பயறும் முட்டையும் உண்ணுமாறு சொல்லி அனுப்பினார்.

இது ஒரு வீட்டின் துன்பம் மட்டுமல்ல. 2019-21 ஆண்டுகளில் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்த சோகை உள்ளவர்கள். மருத்துவ வசதியில் முன்னிற்கும் தமிழ்நாட்டிலேயே நூற்றுக்கு 53 பேர்.

சிறுமியின் தந்தை இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தாய் கூலி வேலை செய்து இரண்டு பெண் பிள்ளைகளைக் காப்பாற்றி வருகிறார். “மாத்திரை சும்மா குடுக்குறாங்க சாமி. தெனமும் கீரைக்கும் காய்க்கும் நான் எங்க போவேன்?” என்று அவர் கேட்டபோது நம்மிடம் விடை இல்லை. ஆயினும் அவர் வீட்டின் பின்னே ஐந்து சென்ட் கொல்லை இருந்தது. அது முழுவதும் சீமைக்கருவேலம் மண்டி, ஆடும் நுழைய முடியாத புதராகக் கிடந்தது. உயிர்ப்புப் பெருவிழா முடிந்த அடுத்த சனிக்கிழமை, நம் இளைஞர் எழுவர் கடப்பாரையும் அரிவாளுமாக அங்கே சென்றனர். நாமும் மண்வெட்டி எடுத்துச் சென்றோம்.

சீமைக்கருவேலத்தைத் தரையோடு வெட்டினால் போதாது. மறு மழைக்கே துளிர்த்துவிடும். தூரைச் சுற்றித் தோண்டி வேர்க்கட்டையையே பெயர்த்தெடுக்க வேண்டும். மூன்று சனிக்கிழமைகள் இதற்கே சென்றன. ஆனால் கொல்லையை விழுங்கியிருந்த அம்மரங்களில் நேரான கழிகள் பதினெட்டுக் கிடைத்தன. முள் கொம்புகள் வேலிக்கு ஆயின. எஞ்சியவை தாயாரின் அடுப்புக்கு ஆயின.

தொண்ணூறு நாள் குழி

முதல் சனிக்கிழமையே, வெட்டிச் சீராக்கிய மூலையில் ஓர் எருக்குழி எடுத்தோம். ஆறடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். அடியில் காய்ந்த சருகும் சோளத் தட்டையும் அரை அடி. அதன்மேல் பசுந்தழையும் அடுக்களைக் கழிவும். அதன்மேல் சாணக் கரைசல். பின் ஒரு விரற்கடை மண்ணும் சிறிது சாம்பலும். இவ்வாறே அடுக்கடுக்காக நிரப்பி, மேலே ஓலை மூடி வைத்தோம். கருவேலங்காய்கள் மட்டும் குழிக்குள் விழாதபடி பொறுக்கி எறிந்தோம். அவை எருவோடு தோட்டமெங்கும் பரவிவிடும்.

குழியின் ஈரத்துக்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. உள்ளிருப்பதைக் கையில் அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும்; நீர் சொட்டக் கூடாது. இரண்டு வாரம் கழித்து ஒரு முறை, ஒரு மாதத்தில் ஒரு முறை, இரண்டாம் மாத முடிவில் ஒரு முறை என மும்முறை கிளறிவிட வேண்டும். முதல் முறை கிளறும்போது எழும் வெம்மையே வேலை நடக்கிறது என்பதற்குச் சான்று. அவ்வெம்மையில் களை விதைகள் மடிகின்றன. மூன்றாம் மாத முடிவில் கருநிறமாய், உதிரியாய், மழை பெய்த மண்ணின் மணத்தோடு எரு ஆயத்தமாகும்.

இம்முறையை ஒழுங்குபடுத்தி உலகறியச் செய்தவர் ஆல்பர்ட் ஹோவர்ட் என்னும் ஆங்கிலேய வேளாண் அறிஞர். 1905-ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்து, பீகாரிலுள்ள பூசாவிலும் பின்னர் இந்தூரிலும் பணியாற்றிய இவர், நம் நாட்டு உழவர்களைத் தமக்கு ஆசிரியர்களாகவே மதித்தவர். இந்தூரில் அவர் செய்து கண்டவை, யஷ்வந்த் வாட் என்னும் இந்திய அறிஞரோடு இணைந்து 1931-இல் நூலாக வெளிவந்தன. அதனாலேயே இது ‘இந்தூர் முறை’ எனப்படுகிறது.

வாசகர்கள் இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். எரு மட்கத் தொண்ணூறு நாள். சித்திரை முதல் வாரத்தில் இட்ட குழி ஆடி முதல் வாரத்தில் பயன் தரும். ஆடியில் இடும் குழியோ ஐப்பசியில்தான் ஆயத்தமாகும். மூதாட்டியின் சொல்லுக்குள் இக்கணக்கு அடங்கியிருந்தது.

வேர்க்கும் பானை

அவ்வீட்டில் கிணறு இல்லை, தெருக்குழாயே கதி. எனவே நீரைச் சிக்கனமாகச் செலவிட வழி தேடினோம். சுட்ட மண்பானையைக் கழுத்து வரை மண்ணில் புதைத்து, நீர் நிரப்பி, ஓட்டால் மூடி வைத்தால், பானையின் நுண்துளைகள் வழியே நீர் மெல்லக் கசிந்து சுற்றிலுமுள்ள வேர்களை நனைக்கும். மண் ஈரமாக இருக்கும்போது கசிவு குறையும். மண் காயக் காயக் கசிவு மிகும். சீன நாட்டில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட வேளாண் நூலிலேயே, பானையைப் புதைத்துச் சுற்றிலும் முலாம்பழம் விதைக்கும் முறை கூறப்பட்டுள்ளது. நம் நாட்டில் கர்னாலில் உள்ள மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிலையம் 1970-களில் இதனை ஆய்ந்து பார்த்தது.

வீடு வீடாகக் கேட்டுப் பழைய பானைகள் ஒன்பது சேர்த்தோம். ஆனால் எல்லாப் பானையும் இதற்கு உதவாது. சமைத்த பானையில் எண்ணெய்ப் பசை ஏறித் துளைகள் அடைந்திருக்கும். நெடுநாள் குடிநீர் வைத்த பானையில் உப்புப் படிந்திருக்கும். நீர் நிரப்பி நிழலில் வைத்தால் சில மணி நேரத்தில் பானையின் வெளிப்புறம் வேர்க்க வேண்டும். வேர்க்காத நான்கு பானைகளின் அடியில் ஆணியால் சிறு துளையிட்டுப் பருத்தித் திரி செருகினோம். மூன்று நாளைக்கு ஒரு முறை நிரப்பினால் போதுமானதாக இருந்தது.

குளிக்கும் நீரையும் துவைக்கும் நீரையும் சிறு வாய்க்கால் வெட்டி, சரளையும் மணலும் இட்ட குழி வழியாக வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்பினோம். சோப்பு கலந்த அந்நீரைக் கீரைப் பாத்திக்கு விடலாகாது. அரிசி கழுவிய நீரும் காய் கழுவிய நீருமே கீரைக்கு உகந்தவை.

காற்று கற்பித்த பாடம்

வைகாசியில் பந்தல் போட்டோம். கருவேலங்கழிகளின் அடிப்பகுதியைத் தீயில் வாட்டிக் கரியாக்கிக் கொண்டால் கறையான் எளிதில் அண்டாது என்று பெரியவர்கள் சொன்னதைச் செய்தோம். ஆறடி உயரம், பன்னிரண்டடிக்குப் பத்தடி; குறுக்கே கழிகளும் தென்னங்கயிறும். ஆனால் தரை கல்லாக இறுகிக் கிடந்ததாலும், மாலைக்குள் முடித்துவிட வேண்டும் என்று நாம் அவசரப்படுத்தியதாலும், கால்களுக்கு ஓரடிக் குழியே எடுக்கப்பட்டது. இளைஞருள் ஒருவர், “இன்னும் ஒரு அடி தோண்டிடலாம் சாமி” என்றார். வேண்டாம் என்று சொன்னவர் நாமே.

ஆடி மூன்றாம் வாரம், பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று அவ்வூரில் நின்று வீசியது. “ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்” என்பது வெறும் மிகையல்ல. அப்போதுதான் கொழுகொம்பு பற்றி ஏறத் தொடங்கியிருந்த அவரையையும் புடலையையும் நசுக்கிக் கொண்டு பந்தல் இரவோடு இரவாகச் சாய்ந்தது. காலையில் நாம் சென்றபோது, சிறுமி ஒடிந்த கொடிகளைக் கையில் எடுத்து வைத்துக் கொண்டு அழுது கொண்டிருந்தாள். தாய் ஒன்றும் சொல்லவில்லை. அவர் நம்மைக் குறை கூறியிருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவ்வாரமே மீண்டும் போட்டோம். இம்முறை கால்களுக்கு இரண்டடிக் குழி. அடியில் கல்லிட்டுக் கிட்டித்தோம். பந்தலின் நீண்ட பக்கத்தைக் காற்றின் போக்கிலேயே, மேற்கிலிருந்து கிழக்காக அமைத்தோம். நான்கு மூலைகளிலிருந்தும் வெளிப்புறமாக இழுகயிறு கட்டி முளையடித்தோம். மேற்கு ஓரத்தில் அகத்தி விதைத்தோம். அது வளர்ந்தால் காற்றையும் தடுக்கும், கீரையும் தரும். அதன் பிறகு அப்பந்தல் அசையவில்லை.

சுரைக்குடுக்கையில் இருந்த செல்வம்

பந்தல் சாய்ந்தபின் மறுபடி விதைக்க விதை வேண்டுமே! நம் மூதாட்டி தம் வீட்டு அடுக்களைப் பரணிலிருந்து ஒரு சுரைக்குடுக்கையைக் கொண்டுவந்தார். உள்ளே ஊதா நிறக் கரையோடிய அவரை விதைகள், சாம்பலில் புரட்டிக் காய்ந்த நொச்சி இலையோடு வைக்கப்பட்டிருந்தன. அவர் வீட்டுச் சுவரில் சாண வரட்டியாகத் தட்டியிருந்தவற்றை உடைத்துச் சுரை விதையும் பூசணி விதையும் எடுத்துக் கொடுத்தார். ஒரு கை அவரைக்கு இரண்டு கை திருப்பித் தர வேண்டும் என்பது அவர் விதித்த முறை. ஒரு கை அவருக்கு. மற்றொரு கை வேறொரு வீட்டுக்கு.

கடையில் வாங்கும் வீரிய ஒட்டு விதை மிகுந்த விளைச்சல் தருவதுண்டு. ஆனால் அதிலிருந்து எடுக்கும் விதை தாயைப் போல் வளராது. மறு தலைமுறையில் குணம் சிதறிவிடும். எனவே ஆண்டுதோறும் வாங்கியே ஆக வேண்டும். கையில் காசில்லாத வீட்டுக்கு நாட்டு விதையே காப்பு. அதற்கும் ஒரு சோதனை தேவை. பத்து விதைகளை ஈரத் துணியில் முடிந்து வைத்தால், ஒரு வாரத்தில் ஏழாவது முளைக்க வேண்டும். குறைந்தால் குழிக்கு இடும் விதையைக் கூட்ட வேண்டும். கொடி வகைகளுக்கு ஒன்றரை அடிச் சதுரக் குழியில் மட்கிய எருவும் மேல்மண்ணும் நிரப்பி, நான்கைந்து விதை ஊன்றி, நல்ல நாற்று இரண்டை மட்டும் நிறுத்த வேண்டும்.

கீரை விதை மிக நுண்ணியது. உலர்ந்த மணலோடு கலந்தே தூவ வேண்டும். விதைத்த பாத்தியைச் சுற்றி மூதாட்டி சிறிது அரிசி நொய் தூவினார். எறும்பு நொய்யை இழுத்துக் கொண்டு போகும்; விதையை விட்டுவிடும் என்றார். அவ்வாறே நடந்தது. இருபத்தைந்தாம் நாள் முளைக்கீரை பறித்தார்கள். அரைக்கீரையை அறுக்க அறுக்க மீண்டும் தழைத்தது.

வாசலோரம் இரண்டு முருங்கை வைத்தோம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்ட பி.கே.எம்.1 என்னும் செடிமுருங்கை விதையிலிருந்தே வளரும். ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். இரண்டரை அடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் கிளைத்துக் குழந்தைகளின் கைக்கெட்டும் உயரத்தில் தழை தரும்.

கார்த்திகையில் அவரைக் கொழுந்தில் அசுவினி மொய்த்தது. ஆனி, ஆடி மாதங்களில் பொறுக்கி நிழலில் உலர்த்தி வைத்த வேப்பங்கொட்டையின் பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளித்தோம். வெயிலில் இதன் வீரியம் குறையுமாதலால் மாலையே தக்க நேரம். வாரம் ஒரு முறையாக மூன்று முறை தெளித்தபின் கொழுந்து தெளிந்தது.

இரும்பும் எலுமிச்சையும்

கீரையை உண்டால் மட்டும் போதாது. அதிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர வேண்டும். கீரையோடு எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்தால் அதிலுள்ள வைட்டமின் ‘சி’ அதற்குத் துணை செய்கிறது. உணவோடும் உணவு முடிந்த உடனேயும் அருந்தும் தேநீரும் காப்பியும் அதைத் தடுக்கின்றன. சோறு உண்ட கையோடு தேநீர் குடிக்கும் பழக்கம் நம் வீடுகளில் மிகுந்து வருவதால் இதனை வலியுறுத்திச் சொல்கிறோம். மருத்துவர் தந்த மாத்திரைக்குக் கீரை மாற்றாகாது என்பதையும் தாய்மார்கள் மறத்தலாகாது.

மார்கழியில் சிறுமியை மீண்டும் சோதித்தார்கள். 11 கிராமுக்குச் சற்று மேல். இதில் பெரும்பங்கு மாத்திரைக்கே உரியது என்றார் மருத்துவர். ஆனால் மாத்திரை நின்றபின் அவ்வளவு மீண்டும் இறங்காமல் காக்க வேண்டியது அன்றாடச் சோறுதான் என்றும் அவரே சொன்னார். அக்காவல் இப்போது அவ்வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. கயிறுக்கும் ஆணிக்கும் நாம் செலவிட்டது ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்கிவிட்டது.

இந்தச் சித்திரையில்

சென்ற வாரம் அச்சிறுமி பங்கு இல்லத்துக்கு வந்தாள். கையில் ஒரு துணி முடிச்சு. “பாட்டிக்கு ஒரு கை குடுத்துட்டேன் சாமி. இது இன்னொரு வீட்டுக்கு. உங்க கொல்லை சும்மாதானே கெடக்கு?” என்று கேட்டு முடிச்சை மேசைமேல் வைத்தாள். அவிழ்த்துப் பார்த்தோம். ஊதாக் கரையோடிய அவரை விதைகள்.

அன்பார்ந்த வாசகர்களே, உங்கள் வீட்டின் பின்னே ஒரு சென்ட் நிலமேனும் இருக்குமாயின், ஆடி வரட்டும் என்று காத்திராதீர்கள். இந்த வாரமே மண்ணைக் கொத்திப் புரட்டுங்கள். ஒரு குழி எடுத்து, நாளைக்குக் கொளுத்துவதற்காகக் கூட்டி வைத்திருக்கும் சருகை அதிலே இடுங்கள். பழைய பானைக்கு நீர் ஊற்றி அது வேர்க்கிறதா என்று பாருங்கள். உங்கள் தெருவில் விதை வைத்திருக்கும் மூதாட்டி யாரென்று விசாரித்து, அவரிடம் ஒரு கை விதை கேளுங்கள். இரண்டு கை திருப்பித் தருவதாகச் சொல்லிக் கேளுங்கள்.

நாமும் நேற்று மாலை பங்கு இல்லத்துக் கொல்லையில் குழி எடுத்துவிட்டோம். பந்தற்காலுக்கு இம்முறை இரண்டடி தோண்டுவோம்.